ஒன்றாம் வகுப்புக்கு முன் ஓர் ஒப்பீடு: தேடல்வழிச் சர்வதேசக் கல்வியா, நம் ஊர்ப் பாடத்திட்டமா?

எங்கள் மகள் வரும் ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டும். கோவையில் நாங்கள் குடியிருக்கும் பகுதியிலிருந்து பள்ளி வேன் போய்வரும் தொலைவுக்குள் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) என்னும் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளி ஒன்று, பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப் பள்ளி ஒன்று, சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நான்கைந்து, மெட்ரிக் பள்ளிகள் சில, நடந்தே போகும் தூரத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்று என எல்லா வகையும் இருக்கின்றன. வீட்டில் ஆளுக்கொரு கருத்து. குழந்தை கேள்வி கேட்டு வளர வேண்டும் என்பதால் சர்வதேசப் பள்ளிதான் சரி என்பது என் கணவரின் கட்சி. அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரோ, "கேள்வி கேட்பதற்கு வருஷத்துக்கு இத்தனை லட்சமா?" என்று ஒரே வரியில் எதிர்க்கட்சி ஆகிவிட்டார். இருவருக்கும் பதில் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்ததால், நான்கு மாதங்களாகப் பள்ளிகளுக்குப் போய், அனுமதித்த இடங்களில் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, அதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலகையில் இருக்கும் பாடத்திட்டத்தின் பெயரை வைத்து ஒப்பிடும்போது நாம் இரண்டு தனித்தனி முடிவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை குழந்தை எப்படிக் கற்கிறாள் என்பது ஒரு முடிவு. பதினேழு வயதில் எந்தக் கல்லூரி வாசலில் நிற்கப் போகிறாள் என்பது மற்றொரு முடிவு. குழந்தை தானே கேள்வி கேட்டு, செய்து பார்த்துக் கற்கும் தேடல்வழிக் கல்வியின் நன்மைகளில் பெரும்பங்கு முதல் கட்டத்தில் கிடைக்கிறது. சர்வதேசப் பாடத்திட்டத்தின் சிக்கல்களில் பெரும்பங்கு இரண்டாம் கட்டத்தில் வருகிறது.

ஐ.பி.யின் வரலாறே இந்தப் பிரிவை விளக்கிவிடும். 1924-இல் ஜெனீவாவில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் பணியாற்றியவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. இன்று ஒரு நாடு, நாளை வேறு நாடு என்று மாற்றலாகிப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளை எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும்படியான ஒரு பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும் என்ற நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்ததுதான் 1968-இல் வந்த ஐ.பி. டிப்ளமோ. நடுநிலை வகுப்புகளுக்கான திட்டம் 1994-இல்தான் சேர்ந்தது. சிறு பிள்ளைகளுக்கான பி.ஒய்.பி. என்னும் தொடக்கநிலைத் திட்டம் 1997-இல். ஆகவே 'ஐ.பி. நல்லதா' என்று கேட்பவர் எந்த ஐ.பி.யைப் பற்றிக் கேட்கிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பி.ஒய்.பி.யில் தமிழ், கணக்கு, அறிவியல் என்று பாடங்கள் தனித்தனியே ஓடுவதைவிட, ஆறு பெரிய கருப்பொருள்களைச் சுற்றியே ஆண்டு முழுவதும் நகர்கிறது: நாம் யார், நாம் இருக்கும் இடமும் காலமும், நாம் நம்மை வெளிப்படுத்தும் விதம், உலகம் இயங்கும் முறை, நம்மை நாம் ஒழுங்கமைத்துக்கொள்ளும் முறை, பூமியைப் பகிர்ந்துகொள்ளுதல். காகிதத்தில் படிக்கும்போது இவை மேடைப் பேச்சுத் தலைப்புகள் போலத்தான் எனக்கும் தோன்றின. வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் பிடிபட்டது.

நான் பார்த்தது இரண்டாம் வகுப்பு. கடைசியாகச் சொன்ன கருப்பொருளின்கீழ்த் தண்ணீரைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் பிள்ளைகள் எழுதி ஒட்டிய கேள்விச் சீட்டுகளில் ஒன்று: 'மழைத் தண்ணீர் எல்லாம் மண்ணுக்குள் போனால் மண் ஏன் நிரம்பி வழியவில்லை?' அதற்காக மூன்று தண்ணீர் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, மூடியில் துளையிட்டுக் கவிழ்த்து, ஒன்றில் ஆற்று மணலும், ஒன்றில் செம்மண்ணும், ஒன்றில் களிமண்ணும் நிரப்பி, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே எவ்வளவு சொட்டுகிறது என்று பார்த்தார்கள். களிமண்ணில் ஏறக்குறைய ஒன்றுமே இறங்கவில்லை. 'களிமண் தண்ணீரை விடாது' என்று ஒரு பையன் முடிவு சொல்லிவிட்டான். பக்கத்தில் இருந்த சிறுமி பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இந்த மூடியில் இருக்கும் ஓட்டை சின்னது, அதனால்கூட இறங்காமல் இருக்கலாம் என்றாள். ஆசிரியை சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. 'அப்படியானால் என்ன செய்து பார்க்கலாம்?' என்று மட்டும் கேட்டார். மூன்று மூடிகளையும் மாற்றி, ஒரே அளவு ஆணியால் துளையிட்டு, மறுபடியும் ஊற்றினார்கள். இந்த ஒரு விஷயத்துக்கு முக்கால் மணி நேரம் போனது.

ஒப்பீட்டுச் சோதனையில் மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் அறிவியலின் அடிப்படை விதியை ஏழு வயதுக் குழந்தை தானே கண்டுபிடித்த தருணம் அது. தேடல்வழிக் கல்வியின் நன்மை என்று விளம்பரச் சுவடிகளில் தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, உலகக் குடிமகன் மனப்பான்மை என்று பலவும் அச்சாகியிருக்கின்றன. நான் கண்ணால் கண்ட நன்மை அவற்றைவிடச் சிறியது, ஆனால் உறுதியானது. தன் முடிவையும் அடுத்தவர் முடிவையும் சந்தேகிக்கக் குழந்தைக்கு அனுமதி இருக்கிறது. சந்தேகித்த பிறகு அதைத் தீர்த்துக்கொள்ள நேரமும் பொருளும் கொடுக்கப்படுகின்றன. இந்த இரண்டில் அனுமதி எந்தப் பள்ளியிலும் சாத்தியம். நேரம்தான் பாடத்திட்டத்தோடு கட்டுண்டது.

இதே வழியின் குறையையும் பார்த்தேன். தன்னையும் 'தேடல்வழி' என்று அழைத்துக்கொள்ளும் இன்னொரு பள்ளியில், தாழ்வாரம் முழுக்கச் சார்ட் பேப்பர்களும், சோடா உப்பும் வினிகரும் ஊற்றிப் பொங்கவைக்கும் எரிமலை மாதிரிகளும் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூடக் குழந்தையின் கை தெரியவில்லை. முந்தின இரவு பதினொரு மணிக்கு ஸ்டேஷனரிக் கடையைத் தேடி ஓடிய பெற்றோரின் கைதான் தெரிந்தது. அங்கே தேடல் என்பது கூகுளில் தேடுவதாகவும், கற்றல் என்பது ஒட்டுவதாகவும் ஆகிவிட்டிருந்தது. அங்கே நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் ஏழாம் வாய்ப்பாட்டை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்ததை என் மாமனாரிடம் சொல்லாமல் மறைத்திருக்கலாம், சொல்லிவிட்டேன்.

ஆய்வுகளும் இந்த இடத்தில் கண்மூடித்தனமான உற்சாகத்துக்கு இடம் தருவதில்லை. வழிகாட்டுதல் குறைந்த கற்பித்தல், புதிதாக ஒன்றைக் கற்பவரின் நினைவாற்றல்மீது தாங்க முடியாத சுமையை ஏற்றுகிறது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை இன்றுவரை விவாதிக்கப்படுகிறது. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வின் 2015-ஆம் ஆண்டுச் சுற்றில், அறிவியல் வகுப்பில் ஆய்வுவழிச் செயல்பாடுகள் அடிக்கடி நடப்பதாகச் சொன்ன பதினைந்து வயது மாணவர்கள், பெரும்பாலான நாடுகளில், மதிப்பெண்ணில் பின்தங்கியே இருந்தார்கள். அதே சமயம் அறிவியல் சார்ந்த வேலைக்குப் போக விரும்பும் போக்கு அவர்களிடையே கூடுதலாக இருந்தது. இதைக் காரண காரியமாக எடுத்துக்கொள்ள முடியாது. பின்தங்கிய வகுப்புகளில் ஆசிரியர்கள் செயல்பாடுகளை அதிகம் நாடியிருக்கவும் கூடும். ஆனால் ஓட்டை சின்னது என்று சொன்ன சிறுமிக்கு, அந்த இடத்தில் சரியான கேள்வியைத் திருப்பிக் கேட்கத் தெரிந்த ஆசிரியை இருந்தார் என்பதை நான் மறக்க முடியாது. அவர் இல்லாத வகுப்பில் அதே பாட்டில்கள் வெறும் சேறாகத்தான் முடிந்திருக்கும்.

சி.பி.எஸ்.இ. பக்கம் வருவோம். நியாயமாகப் பார்த்தால், 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்துக்குப் பிறகு வந்த, தேசிய அளவில் பாடநூல் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யின் தொடக்கநிலைச் சுற்றுச்சூழல் நூல்களில் கேள்விகளுக்குக் குறைவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் குழந்தையின் வீட்டையும் தெருவையும் நோக்கிக் கேட்பவை அவை. கேள்வி வகுப்பறைக்குள் வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதுதான் சங்கடம். என் அக்காள் மகன் படிக்கும் பள்ளியில் 'உன் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்ற கேள்விக்கு ஆசிரியர் கரும்பலகையில் ஒரு விடையை எழுதிப்போட, நாற்பது நோட்டுகளிலும் 'எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் மாநகராட்சிக் குழாயிலிருந்து வருகிறது' என்றே இருந்தது. என் அக்காள் வீட்டில் ஆழ்துளைக் கிணறு. குழாய் இணைப்பே கிடையாது. பையனிடம் கேட்டபோது, 'டெஸ்டில் கிணறு என்று எழுதினால் மார்க் வராது சித்தி' என்று நிதானமாகப் பதில் சொன்னான்.

இதற்குச் சி.பி.எஸ்.இ. வாரியத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. 2009-இல் தொடர் மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்து, 2017-இல் அதைக் கைவிட்டு, தேசியக் கல்விக் கொள்கை 2020-க்குப் பிறகு மீண்டும் திறன்சார் கேள்விகளைப் பெருக்கி, 2024-25 கல்வியாண்டில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் பாதி அளவுக்கு அவற்றைக் கொண்டுவந்திருக்கிறது. தேர்வுத்தாள் மெதுவாக அசைகிறது. வகுப்பறை அதைவிட மெதுவாக அசைகிறது. மற்றபடி இந்தப் பாடத்திட்டத்தின் பெரிய பலம் வேறு: பெற்றோர் மாற்றலாகிப் போனாலும் நாட்டின் எந்த ஊரிலும் தொடரலாம், நீட், ஜே.இ.இ. தேர்வுகளின் பாடப்பகுதி என்.சி.இ.ஆர்.டி. நூல்களை ஒட்டியே இருப்பதால் பிற்பாடு தனியாகப் பாடம் மாற்ற வேண்டியதில்லை.

மாநிலப் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசும்போது, தேடல்வழிக் கல்வி வெளிநாட்டுச் சரக்கு என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போரின் காரணமாக நாடு திரும்ப முடியாமல், பல ஆண்டுகள் இந்தியாவிலேயே ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமப்புறக் கல்விமுறையிலிருந்து உருவான செயல்வழிக் கற்றல், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. குழந்தைகள் பாயில் உட்கார்ந்து, அவரவர் எட்டும் உயரத்தில் இருக்கும் தாழ்வான கரும்பலகையில் எழுதி, ஏணிப்படிபோல் வரிசைப்படுத்திய அட்டைகளைத் தம் வேகத்தில் முடித்துக்கொண்டு போவார்கள். மாமனார் அந்தக் காலத்தில் அந்த அட்டைகளைக் கையால் வெட்டி ஒட்டியவர். அவரே ஒத்துக்கொண்ட குறை ஒன்று உண்டு: ஏணியில் ஏறும் வேகம் குழந்தையுடையது, ஆனால் ஏணி எங்கே போகிறது என்பதை அட்டை முன்பே தீர்மானித்துவிடுகிறது, குழந்தையின் சொந்தக் கேள்விக்கு அதில் படி கிடையாது. கொரோனா விடுமுறைக்குப் பின் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் மீட்பதைக் குறியாகக் கொண்டது. அந்த நேரத்தின் தேவையும் அதுதான்.

மேல் வகுப்புகளில் நிலைமை மாறிவிடுகிறது. சமச்சீர்க் கல்விக்கு முன்பும் சரி, பின்பும் சரி, 'புக் பேக்' கேள்விகளை மனப்பாடம் செய்தால் போதும் என்ற பழக்கம் அசையவே இல்லை. பீசாவின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு பட்டியலின் கடைசி இடங்களுக்கு அருகே நின்றதற்கு, கேள்வி வேறு கோணத்திலிருந்து வந்தால் கை ஓடாத இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஆனாலும் மாநிலப் பாடத்திட்டத்திடம் மற்ற மூன்றிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது, அது மொழி. என் மகள் வீட்டில் ஒரு நாளைக்கு ஐம்பது கேள்வி கேட்பவள். பல்லிக்கு ஏன் வால் அறுந்தாலும் வலிப்பதில்லை, இட்லி மாவு ஏன் ராத்திரியில் மட்டும் பொங்குகிறது, தாத்தாவின் அம்மாவுக்கு அம்மா யார் என்று ஓயாமல் கேட்பாள். ஐ.பி. பள்ளியில் நடந்த அறிமுக அமர்வில் அவளை அரை மணி நேரம் உட்காரவைத்து ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தார்கள். அவள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் திரும்பினாள். ஆர்வம் இல்லை என்று குறிப்பு எழுதியிருப்பார்களோ என்னவோ. பழகினால் ஆங்கிலத்திலும் கேட்பாள் என்பது தெரியும். ஆனால் தேடல்வழிக் கல்வியின் முதல் முதலீடான வியப்பு, ஆறு வயதில் அவளிடம் தமிழில்தான் இருக்கிறது. பி.ஒய்.பி. ஏழு வயதிலிருந்து இரண்டாவது மொழியைக் கட்டாயமாக்குகிறது. டிப்ளமோவில் தாய்மொழி இலக்கியத்தை ஆசிரியர் இல்லாமலேயே தானாகப் படித்து எழுதவும் வழி வைத்திருக்கிறது. கொள்கை அளவில் இவை நல்ல ஏற்பாடுகள். நடைமுறையில் அந்தப் பள்ளியில் தமிழுக்கு வாரத்துக்குச் சில வகுப்புகளே இருந்தன, அவையும் எழுத்துப் பயிற்சியாகவே இருந்தன. தேடல் முழுவதும் ஆங்கிலத்தில், தமிழ் மட்டும் பழைய மனப்பாட முறையில் என்பது எனக்கு உறுத்தியது.

கேம்பிரிட்ஜைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐ.பி.க்கும் சி.பி.எஸ்.இ.க்கும் நடுவில் நிற்கும் வழி அது. பாடங்கள் தனித்தனியாக, ஆழமாக, தெளிவான பாடப்பகுதியோடு இருக்கும். 1988-இல் வந்த, பத்தாம் வகுப்பு நிலையிலான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை நம் நாட்டுப் பள்ளிகள் மார்ச் மாதத்திலேயே எழுத வசதி செய்திருப்பதால் முடிவுகள் இந்தியச் சேர்க்கைக் காலத்தோடு ஓரளவு பொருந்தும். தேடலைவிடப் பாட அறிவுக்கு முதலிடம் கொடுக்கும் வீடுகளுக்கு ஐ.பி.யைவிட இது இசைவாக இருக்கும்.

இனிப் பதினேழு வயது வாசல். டிப்ளமோவில் ஆறு பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 புள்ளிகள், அறிவுக் கோட்பாடு என்னும் பாடமும் 4,000 சொற்கள் வரையிலான ஆய்வுக் கட்டுரையும் சேர்ந்து 3 புள்ளிகள், ஆக 45. அந்தக் கட்டுரையை எழுதும் பதினேழு வயதுப் பிள்ளை, நம் கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் திணறும் வேலையைச் செய்கிறாள் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் இந்தச் சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்றும் இருக்கிறது. ஆனால் மருத்துவம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். வழக்கமான டிப்ளமோ அமைப்பில் இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது, மூன்றாவதற்குத் தனி அனுமதி பெற வேண்டும். பொறியியலில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மே மாதம் எழுதும் தேர்வின் முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில்தான் வருகின்றன. அதற்குள் இங்கே சேர்க்கைப் பணிகள் பாதி ஓடிவிட்டிருக்கும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கட்-ஆஃப் போடும் நம் கலந்தாய்வு முறைக்கு 7 புள்ளி அளவை மாற்றிக் கொடுக்கும் வேலையும் பெற்றோர் தலையில்தான். மறுபுறம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது என்பதையும் தட்டின் மறுபக்கத்தில் வைக்க வேண்டும்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதியும் திட்டமும் உள்ள குடும்பமும், அடிக்கடி நாடு மாறும் வேலையில் இருப்பவர்களும், தொடக்கம் முதல் டிப்ளமோ வரை ஐ.பி.யிலேயே இருப்பது பொருத்தம். அந்தப் படிப்பு அவர்களுக்காகவே உருவானது. உள்ளூரிலேயே மருத்துவமோ பொறியியலோ என்று இருப்பவர்கள் ஒன்பதாம் வகுப்புக்குமேல் அதில் நீடிப்பது, எனக்குப் புரிந்த வரையில், வீண் சுற்று. ஐந்தாம் வகுப்பு வரை பி.ஒய்.பி., ஆறாம் வகுப்பில் சி.பி.எஸ்.இ. என்னும் நடுவழி கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். அப்படி மாறிய இரண்டு குடும்பங்களிடம் பேசினேன். இரண்டு பிள்ளைகளுக்கும் பாடம் புரிவதில் குறையில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுதும் வேகமும், தமிழில் ஒரு பத்தி எழுதும் பழக்கமும் வர ஓர் ஆண்டு பிடித்திருக்கிறது. ஓர் ஆண்டுதான் என்று ஒரு தாய் சொன்னார். ஓர் ஆண்டு முழுவதும் என்று மற்றவர் சொன்னார்.

எங்களுக்கு ஐ.பி. கட்டணம் கட்டுவது முடியாத காரியம் இல்லை. ஆனால் வீட்டுக் கடனை ஒத்திப்போட்டுக் கட்ட வேண்டியிருக்கும். எனவே நான் கடைசியாக ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளியிலும், ஒரே பாடத்துக்கு மூன்று வெவ்வேறு பிள்ளைகள் எழுதிய நோட்டுகளைப் பெயரை மறைத்துக் காட்டும்படி கேட்டேன். ஐ.பி. பள்ளியில் தயங்காமல் காட்டினார்கள், மூன்றும் மூன்று விதமாக இருந்தன. மூன்று பள்ளிகளில் அலுவலக அறையைத் தாண்டவே விடவில்லை. ஓரிடத்தில் மூன்று நோட்டுகளும் எழுத்துப் பிழை உட்பட ஒன்றாகவே இருந்தன.

ஊருக்கு வெளியே இருக்கும் சிறிய சி.பி.எஸ்.இ. பள்ளி ஒன்றில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 'எங்கள் தெரு' என்று தமிழில் எழுதியிருந்த நோட்டுகளைத் தந்தார்கள். ஒரு தெருவில் சாக்கடை தேங்கியிருந்தது, ஒரு தெருவில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி நின்றது, ஒரு பையன் தன் தெருவில் நூறு நாய்கள் இருப்பதாக எழுதியிருந்தான். அந்த வரிக்குப் பக்கத்தில் ஆசிரியர் பென்சிலால் 'எண்ணிப் பார்த்தாயா?' என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பையன் '11' என்று திருத்தியிருந்தான். மாமனார் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார். கணவர் வாய்ப்பாடு எந்த வகுப்பில் தொடங்குகிறார்கள் என்று விசாரித்தார். அங்கேதான் சேர்த்திருக்கிறோம். ஐந்தாம் வகுப்பு முடியும்போது அதே மூன்று நோட்டுகளை மறுபடியும் கேட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம்.